காதில் விழுந்த அஞ்சு

ஒண்ணு, ரெண்டு, மூணு. அதுக்கப்புறம் இந்தச் சனியன். இது ஒத்தைச் செதிலா ரெட்டைச் செதிலான்னு பாக்கத்தான் காலையில ஒம்பதரைக்கு முக்காலியில ஏறி உக்காந்தேன், இப்ப மணி பதினொண்ணு, இடுப்பு எனக்குச் சொந்தமான்னே சந்தேகமா இருக்கு. லென்சுக்கு அடியில மீனு அசையாமக் கிடக்கு. எப்படி அசையும், செத்து இருபத்தேழு வருஷமாச்சு. ஸ்பிரிட்டுல ஊறி ஊறி நிறமெல்லாம் கழண்டு, வடிகட்டின காப்பிச் சக்கை மாதிரி ஆயிட்டு. கிளிமீன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாவ, கிளிமூக்கு மாதிரி அந்த வாயி மட்டுந்தான் மிச்சம். முதுகுல நாலு செதில் வந்தா இது தூத்துக்குடியில இருந்து ராமேஸ்வரம் வரைக்கும் கூட்டங்கூட்டமாத் திரியுத சாதாரணக் கிளிமீனு. அஞ்சு வந்தா இது எம் பேரு வெச்ச மீனு, உலகத்துல இந்த ஒரு பாட்டில்ல மட்டும் இருக்க மீனு, எம் புருஷன் கஸ்பார் ஆயுசுல கண்டுபிடிச்ச ஒரே மீனு. ஒரு மணிக்கு அவிய சாப்பாட்டுத் தூக்கோட வந்துருவாவ. அதுக்குள்ள நாலா அஞ்சான்னு ஒரு முடிவுக்கு வரணும். எண்ணுதது ரெண்டு நிமிஷ வேலை. முடிவுக்கு வாரதுதான் ஏலல.

கொச்சியில இருந்து நிமிஷான்னு ஒரு பொண்ணு எழுதியிருக்கா. மரியாதைன்னா அப்படி ஒரு மரியாதை, படிக்கும்போதே நமக்கு எண்பது வயசு ஆயிட்டோன்னு பயம் வருது. மன்னார் வளைகுடாவுல இருநூத்திப் பத்து கிளிமீனு பிடிச்சு எண்ணிப் பாத்தாளாம், ஒண்ணுல கூட அஞ்சு இல்லையாம், எல்லாம் நாலாம். "உங்க அருங்காட்சியகத்துல இருக்க மூலமீனை இன்னொரு தடவை எண்ணிச் சொல்ல முடியுமா, திங்கக்கிழமை கட்டுரை அச்சுக்குப் போகுது." மூலமீனுன்னா ஒரு பேரு எந்த மீனை நம்பி வெச்சதோ அந்த மீனு. அது சாஞ்சா பேரு சாஞ்சுரும். பொண்ணு மேல கோவப்பட ஒண்ணுமில்ல, நானா இருந்தாலும் கேட்டிருப்பேன், இன்னும் கொஞ்சம் காரமாவே கேட்டிருப்பேன். இந்தக் கிளிமீனுவள நிறத்தப் பாத்து நம்பவே கூடாது. சின்னதுல பழுப்பு, பொட்டையா இருக்கையில செம்பழுப்பு, அதே பொட்டை வளந்து ஆணா மாறும்போது பச்சையும் நீலமும் ரோஸுமா கோயில் கொடை சப்பரம் கணக்கா நிக்கும். அதப் பாத்து ஒரே மீனுக்கு மூணு பேரு வெச்சுட்டுச் செத்துப்போன பெரிய மனுசங்கல்லாம் உண்டு. நிறம் மாறும், ஆணு பொண்ணு மாறும், செதில் மாறாது. அதனாலதான் கன்னத்துல எத்தன வரிசை, முதுகுத் துடுப்புக்கு முன்னால நடுக்கோட்டுல எத்தன செதில்னு நாங்க உக்காந்து எண்ணுதோம். வீட்டுக்கு வீடு பொம்பளைங்க அருவாமனையில வரட்டு வரட்டுன்னு சீவித் தள்ளுத அதே செதில்தான். அதுல ஒண்ணு கூடுனா ஒரு புது மீனு, ஒண்ணு குறைஞ்சா ஒண்ணுமில்ல. நல்ல பொழப்பு.

இன்னொருக்க. துடுப்புல இருந்து தலைக்கு. ஒண்ணு, ரெண்டு, மூணு. கேஸ் அடுப்ப அணைச்சேனா? அணைச்சேன். அவியளும் வீட்டுலதான இருக்காவ, சாளைக் குழம்பு இவிய கைல இன்னிக்கு, உப்பு கூடத்தான் இருக்கும். இருபத்தேழு வருஷத்துக்கு முந்தி இதே மேசைதான், இதே ஜன்னல்தான், இந்தக் காத்தாடி மட்டும் அப்ப இந்தச் சத்தம் போடாது. திரேஸ்புரம் கடக்கரையில வலை பிரிக்கையில இவிய இந்த மீனைப் பாத்துட்டு ஈரச் சாக்குல சுத்தி, சைக்கிள்ல, வேட்டியெல்லாம் தண்ணியா வந்து நின்னாவ. அப்ப எனக்கு அவிய புருஷன் இல்ல, கஸ்பார் சார். ரெண்டு பேரும் இங்க தற்காலிக வேலை. இந்த அறையில ஒரு முறை வெச்சிருந்தோம். ஒரு மீனை ரெண்டு பேரு எண்ணணும், தனித்தனியா, வாயத் தொறக்காம. எண்ணினதச் சீட்டுல எழுதி மடிச்சு ஊறுகா பாட்டில்ல போடணும். ரெண்டு சீட்டும் விழுந்த பொறவுதான் பிரிக்கணும், ஒத்துப்போனாத்தான் அந்த மீனோட விவரக் கார்டுல ஏத்தணும். இவியதான் அத ஆரம்பிச்சது. "காதுல விழுந்த நம்பரைக் கண்ணு தேடிப் போயிரும் எமரென்சியா, அதான்"னு சொல்லுவாவ. எம் முழுப் பேரையும் ஒரு எழுத்து விடாமச் சொல்லுத ஒரே ஆளு. அந்தச் சீட்டையெல்லாம் பிரிச்சா எலுமிச்சங்கா வாசம் அடிக்கும். அன்னிக்கு நான்தான் முதல்ல எண்ணினேன். எண்ணி முடிச்சதும் சீட்டாவது பாட்டிலாவது, முக்காலியத் தள்ளிவிட்டு எந்திரிச்சு "அஞ்சு! சார், அஞ்சு!"ன்னு கத்திட்டேன். இருபத்தஞ்சு வயசு, வேற என்ன செய்யும். இவிய ஒரு நிமிஷம் என் மூஞ்சியவே பாத்துட்டு நின்னாவ. அப்புறம் மேசையில குனிஞ்சு என்னத்தையோ எழுதி மடிச்சுப் பாட்டில்ல போட்டாவ. அதப் பிரிக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல.

அஞ்சு மாசங் கழிச்சு இவிய எழுதின கட்டுரை அச்சாகி வந்துது. மீனுக்கு எம் பேரு. லத்தீன்ல நீட்டி முழக்கி எழுதி, சாய்வெழுத்துல. கல்யாணத்துக்குப் பொண்ணு கேட்டு வந்தப்ப எங்க அம்மைகிட்ட இவிய நகை நட்டப் பத்தி ஒண்ணுமே பேசல, அந்தப் பக்கத்தத்தான் மடியில விரிச்சு வெச்சாவ. அம்மைக்கு இங்கிலீஷும் தெரியாது லத்தீனும் தெரியாது, "என் மவ பேருல மீனா? திங்கலாமா?"ன்னு கேட்டா. கல்யாணத்தன்னிக்குக் கோயில்ல என் கொண்டையில ஒரு செதில் ஒட்டிக்கிட்டு இருந்துதாம், இவிய அக்கா பாத்துட்டு எடுக்கப் போனப்ப "இருக்கட்டும், அது அவ நகை"ன்னு இவிய தடுத்துட்டாவளாம். நெனச்சா இப்பவும் எனக்கு மூஞ்சி சூடாகுது. அதுவா பெருசு, அதுக்குப் பொறவு வந்ததுதான் பெருசு. இங்க நிரந்தர வேலை ஒண்ணே ஒண்ணுதான் வந்துது. ரெண்டு பேருக்கும் தகுதி இருந்துது, இவியளுக்குக் கொஞ்சம் கூடவே இருந்துது. "நீ இரு எமி. எனக்கு ஒரு மீனு போதும்"னு சொல்லிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு உயிரியல் வாத்தியாராப் போயிட்டாவ. நான் இங்க இருந்து பதினோரு மீனுக்குப் பேரு வெச்சிருக்கேன். இவியளுக்கு அந்த ஒண்ணுதான். போன மாசம் கண்ணுல புரை எடுக்கையில, மேசையில படுத்துக்கிட்டே டாக்டர்கிட்ட, "வெளிய உக்காந்திருக்காளே எம் பொஞ்சாதி, அவ பேருல ஒரு மீனு இருக்கு தெரியுமா?"ன்னு சொல்லியிருக்காவ. கத்தி கண்ணுல இருக்கு, அப்ப போய் மீனு. பால்காரருக்குத் தெரியும், பேங்க் மேனேஜருக்குத் தெரியும், பஸ்ஸுல பக்கத்துல உக்காந்து வந்தவனுக்கெல்லாம் தெரியும். நாலுன்னு நான் சொல்லிட்டா இவிய எல்லாருக்கும் என்னன்னு சொல்லுவாவ? அந்த மூஞ்சிய நான் எப்படிப் பாப்பேன்?

"மேடம், டீ ஆறிப்போச்சு, வேற கொண்டாரவா?"ன்னு பூமாரி வந்து நிக்கா. அறை கூட்டுதவ, பாட்டில் தொடைக்கிறவ, இந்தக் கட்டடத்துல எனக்கு இருக்க ஒரே தோழி. "காலையில இருந்து அந்த ஒத்த மீனையே பாத்துக்கிட்டு இருக்கியளே, அதுக்கு என்ன கேடு?" "செதில் எண்ணுதேன் பூமாரி." "எத்தன இருக்கு?" "அதான் தெரியல." அவ குனிஞ்சு மீனைப் பாத்தா, என்னையும் ஒரு தினுசாப் பாத்தா, டம்ளர எடுத்துக்கிட்டுப் போயிட்டா. அவ போன பொறவுதான் அலமாரியத் தொறந்து, செதில் கோட்ட எடுப்பாக் காட்டுத நீலச்சாயத்த எடுத்தேன். இத ஒம்பதரைக்கே செஞ்சிருக்கலாம், செய்யல, என்னத்துக்குன்னு எனக்கே தெரியும். தலைப்பக்கத்துல ஒரு சொட்டு. காத்தாடிய நிப்பாட்டிட்டு ஊதி ஊதி ஈரத்தக் காய வெச்சேன். செதில்ல மரத்துல இருக்க மாதிரி வளையம் வளையமா இருக்கும், நடுவுல இருந்து ஆரம்பிச்சு. மூணுலயும் வளையம் நல்லாத் தெரியுது. நாலாவதா அஞ்சாவதான்னு மயக்குத அந்த ரெண்டு துண்டுலயும் நடுவுல வளையமே இல்ல, வெறுமனே கெடக்கு. அப்படி இருந்தா அது பிறவிச் செதில் இல்ல, அடிபட்டு விழுந்த எடத்துல பொறவு முளைச்ச செதில். ஊசியால ஓரத்தத் தூக்கிப் பாத்தேன். ரெண்டு துண்டும் ஒரே பைக்குள்ள இருந்து வருது. எந்தப் பாறையில இடிச்சுதோ, எந்த மீனு கடிச்சுதோ, ஒரு செதில் போச்சு, ஆறும்போது ரெண்டாப் பிளந்து முளைச்சிட்டு. மூணும் ஒண்ணும் நாலு. ஏ எமரென்சியா, புதுசு புதுசுன்னு நீ குதிச்சது ஒரு காயத்தப் பாத்துக் குதிச்சிருக்க.

முக்காலியில இருந்து எறங்கி ஜன்னல் பக்கம் போய் நின்னேன். வெயிலு தார் ரோட்டுல பளபளன்னு கெடக்கு. ஒரு காக்கா கம்பியில இருந்து என்னையே பாக்கு. சரி, அஞ்சுன்னு எழுதிப்புட்டா என்ன? யாருக்குத் தெரியும்? பாட்டில் எங்கிட்ட இருக்கு, கண்ணு எங்கிட்ட இருக்கு, அம்பத்திரண்டு வயசுல இந்தக் கடக்கரையில செதில் விஷயத்துல என் பேச்ச மறுத்துப் பேச ஆளு கிடையாது. "அன்புள்ள நிமிஷா, எண்ணினேன், அஞ்சேதான்." அந்தப் பொண்ணு நம்பும். மரியாதையாத்தான் எழுதியிருக்கு, நம்பித் தொலைக்கும். இவிய பால்காரர்கிட்ட சொல்லிக்கிட்டே இருக்கலாம். சீ, என்ன நெனப்பு இது. இருநூத்திப் பத்து மீனை எண்ணின பொண்ணு அவ, வெயில்ல நின்னு, வலைக்காரன்கிட்ட திட்டு வாங்கி. இல்ல, இன்னொரு வழி இருக்கு, அன்னிக்கு இவியளும் அஞ்சுன்னு எழுதியிருந்தா? ரெண்டு பேரும் சேந்து ஏமாந்தோம்னு சொல்லிக்கலாம், பாதிப் பாதி, தனியா நான் மட்டும் இல்ல. அந்தச் சீட்டு எங்க இருக்கும்னு தெரியும். கார்டுக்குப் பின்னால குண்டூசி குத்தின காக்கி உறை. எனக்கு அதத் தொடப் பயமா இருந்துது. நாலுன்னு எழுதியிருந்தா? தெரிஞ்சே அச்சுல அஞ்சுன்னு போட்டிருந்தா? எனக்காக? அந்தக் கோவத்துக்கு நான் எங்க போவேன், இருபத்தேழு வருஷத்துக் கோவம், ஒரு வீடு கொள்ளாதே.

உறையப் பிரிச்சேன். எலுமிச்சங்கா வாசமெல்லாம் ஒண்ணுமில்ல, பழைய தாள் வாசம். கத்தின பொறவு எழுதிப் போட்ட எஞ்சீட்டுல பெருசா அஞ்சு, பக்கத்துல ரெண்டு ஆச்சரியக்குறி வேற, கொழுப்பப் பாரு. இவிய சீட்டு நாலா மடிச்சது நாலா மடிச்சபடியே இருந்துது. அதுல நம்பரே இல்ல. அந்தக் குண்டு குண்டு எழுத்துல, 'எமரென்சியா சொன்னதைக் கேட்டுவிட்டேன். என் எண்ணிக்கை இனிச் செல்லாது.' அவ்வளவுதான். கார்டத் திருப்பிப் பாத்தேன். எண்ணியவர் ஒன்று, எமரென்சியா. எண்ணியவர் இரண்டு, ஒரு சின்னக் கோடு. இத்தன வருஷம் இந்தக் கார்ட எத்தன தடவை எடுத்திருப்பேன், எம் பேரப் பாக்கத்தான் எடுத்திருக்கேன், அந்தக் கோட்டப் பாக்கவே இல்ல. எண்ணவே இல்லையா இந்த மனுசன்? நான் போட்ட ஒரு சத்தத்த நம்பி மீனுக்குப் பேரு வெச்சு, அந்த மீனே போதும்னு வேலைய விட்டுக்குடுத்து, அட என் மக்கா, இப்படியும் ஒரு ஆளா. எனக்குச் சிரிப்பு வந்துது, அப்புறம் சிரிப்பு வேற மாதிரி ஆயிட்டு, முந்தானையில மூக்கச் சிந்தித் தொடச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். பாதிப் பாதியும் இல்ல, முழுசும் நான்தான்.

கோயில்ல பன்னெண்டு மணி அடிச்சு ரொம்ப நேரமாச்சு. மாடிப்படியில செருப்புச் சத்தம். புதுக் கண்ணு வந்ததுல இருந்து படி ஒவ்வொண்ணையும் ரசிச்சு ஏறுதாவ. "ஏ எமி, சுவத்துல ஒரு எறும்பு வரிசை போகுது பாரு, முப்பத்தெட்டு!"ன்னு வெளிய இருந்தே சொல்லிக்கிட்டு உள்ள வந்தவிய, தட்டுல இருந்த மீனைப் பாத்து நின்னுட்டாவ. "நம்ம ஆளு வெளிய வந்திருக்கா? என்ன விசேஷம்?" நான் நிமிஷா கடுதாசிய நீட்டினேன். கண்ணாடி போட்டு நின்னமேனிக்கே படிச்சாவ. ரெண்டாந் தடவையும் படிச்சாவ. சாப்பாட்டுத் தூக்க மேசையில வெச்ச கை தூக்குலயே இருந்துது. "நீ எண்ணிட்டியா?" "ம்." வாயத் தொறந்துட்டேன், சொல்லிரலாம்னுதான் தொறந்தேன், இவிய கையத் தூக்கி அப்படியே நிப்பாட்டினாவ. "சொல்லாத! இந்தத் தடவையாவது சொல்லாத பிள்ள. நான் இன்னும் எண்ணல."

சட்டைக் கைய மடிச்சுவிட்டு முக்காலியில ஏறினாவ. லென்சத் தன் கண்ணுக்குத் திருப்பித் திருப்பிச் சரி பண்ணினாவ. நான் பழைய லெட்டர் ஒண்ணக் கிழிச்சு ரெண்டு சீட்டாக்கி, ஒண்ண அவிய பக்கம் தள்ளிட்டு, ஒண்ண எடுத்துக்கிட்டு ஜன்னல்கிட்ட போனேன். பேனா தாள்ல பட மாட்டேங்குது. இவியளுக்கு எம் மேல இருக்க பிரியத்துக்கு அஞ்சுன்னுதான் எழுதுவாவ, சத்தியமா எழுதுவாவ, நான் மனசு ஒடிஞ்சு போயிரக் கூடாதுன்னு எழுதுவாவ. நான் நாலுன்னு எழுதினா, இவிய மீனை நானே இவிய முன்னால வெச்சு அறுத்த மாதிரி ஆயிரும். நானும் அஞ்சுன்னு எழுதிட்டா ரெண்டு சீட்டும் ஒத்துப்போயிரும், முறைப்படி, யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. இவிய முதுகு தெரியுது, பனியன் கோடு தெரியுது, தலை வெளுத்துப் போச்சு, நல்லா வெட்டிக்கவும் மாட்டாவ. மூச்சு விடாம எண்ணுதாவ. ஊசிய எடுத்து ஓரத்தத் தூக்கிப் பாக்காவ, நான் தூக்கின அதே ஓரம். என் ஒரு சத்தத்த நம்பி இவிய வாய மூடிக்கிட்டு இருந்தாவளே, இப்ப அவியளுக்குப் போய் நான் பொய்யா எழுதிக் குடுக்கவா? சுவத்துல தாள வெச்சு எழுதினேன். மடிச்சேன். ஊறுகா பாட்டில்ல இப்பல்லாம் பேனா, பென்சிலு கெடக்கு, எல்லாத்தையும் மேசையில கொட்டிட்டுச் சீட்டப் போட்டேன். இவிய எறங்கி வந்து அவிய சீட்டப் போட்டாவ. "பிரி"ன்னாவ. "நீங்க பிரிங்க." "ரெண்டு பேரும் பிரிப்போம். ஆளுக்கு அடுத்தவிய சீட்ட."

என் கையில இருந்ததுல அந்தக் குண்டு எழுத்துல நாலு. நிமிந்து பாத்தா, இவிய கையிலயும் நாலு. இவிய கண்ணுல தண்ணி நின்னுது, ஆப்பரேசன் பண்ணின கண்ணு, டாக்டர் அழக் கூடாதுன்னு சொல்லியிருக்காரேன்னு எனக்கு அந்த நேரத்துலயும் பதறுது. அப்புறம் பெருமூச்சு விட்டு, "எங்க நீ எனக்காக அஞ்சுன்னு எழுதிருவியோன்னு பயந்துட்டேன் எமி"ன்னாவ. "நானுந்தாங்க." "எண்ணாம அச்சுல போட்டேன் பாரு, அது என் தப்பு. உன் கண்ணு போதும்னு நெனச்சுட்டேன்." "கத்தினது என் தப்பு." "அது தப்பில்ல. அந்த மூஞ்சிய இன்னொரு தடவை பாக்க எத்தன செதில் வேணாலும் எண்ணலாம்." "வயசான காலத்துல பேச்சப் பாரு. பால்காரருக்கு என்ன சொல்லப் போறீய?" "உள்ளதச் சொல்லுவேன். ரெண்டு பேரும் ஒக்காந்து எண்ணினோம், சரியா வந்துதுன்னு." கொட்டிக் கெடந்த பேனாவுல எழுதுதது எதுன்னு ஒவ்வொண்ணா உதறிப் பாத்து ஒண்ண எடுத்தாவ. கார்ட இழுத்து, எண்ணியவர் இரண்டுன்னு இருந்த எடத்துல அந்தக் கோட்டு மேலயே எழுதினாவ. கஸ்பார். இன்னிக்குத் தேதி. எழுதிட்டுக் கார்ட என் பக்கம் திருப்பி, எம் பேருக்கு நேரா விரல வெச்சு, "நீயும் தேதி போடு"ன்னாவ.